மாடியில் ஒரு மடம்

ராயபுரம்
9 ஜனவரி 2025, வியாழக்கிழமை

பிரியமுள்ள தங்கச்சி ஜூடிக்கு,

ரோசக்கா எழுதுவது. மாதா துணையால் நாங்கள் நான்கு பேரும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உனக்கு முன்னால் இந்தக் கவரைப் பிரித்துப் படிக்கும் உங்கள் மதருக்கும் என் வணக்கம். மதர், நான் சுருக்கமாக எழுதத் தெரியாதவள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துமஸ் குடிலைக் கலைத்துப் பரணில் ஏற்றியாயிற்று. இரண்டு ஆட்டுக்குட்டிகளைக் காணோம். ஷிஜி அவற்றை மாடித் தரையில் பதித்த முற்றத்துக் கம்பி இடுக்கு வழியாகக் கீழே அத்தானின் படகுச் சாமான் கடைக்குள் போட்டுவிட்டாள். ஒன்று கயிறு எடை போட்டுக்கொண்டிருந்த பகலவன் அண்ணன் தலையில் விழுந்தது. "இன்னா கண்ணு, வானத்துலேர்ந்து ஆடு கொட்டுது" என்று அவர் சிரித்தார். உன் அத்தான் சிரிக்கவில்லை. கயிறு வாங்க வந்த காசிமேட்டு ஆட்கள் முன்னால் மானம் போய்விட்டதாம்.

நீ கன்னியர் மடத்துக்குப் போகும்போது ஷிஜி ஆறு மாதக் கைக்குழந்தை. இப்போது இரண்டு வயது முடிந்து ஓடுகிறாள். ரெஜிக்கு மூன்றரை. ஜூனில்தான் அவனுக்குப் பள்ளிக்கூடம். அதுவரை இரண்டும் என்னோடு இந்த இரண்டு அறைக்குள். நீ இருந்தபோது சந்துப் பக்கம் ஒரு படி இருந்ததே, அது புயலில் இற்றுத் தொங்கி, வீட்டுக்காரர் அதை இடித்துவிட்டுப் போனார். புதுப்படி கட்டுவதாகச் சொல்லி ஒரு வருடம் ஆகிறது. இப்போது கீழே இறங்க ஒரே வழி கடைக்குள் இறங்கும் மரப்படிதான். கடை நேரத்தில் பிள்ளைகள் அங்கே தலை காட்டக் கூடாது என்பது உன் அத்தான் சட்டம். அவரைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. போன மழைக்காலத்தில் ரெஜியின் கால் மேல் ஒரு நங்கூரம் சாய்ந்து கட்டைவிரல் நகம் போனது. கடை காலை எட்டுக்குத் திறந்தால் இரவு எட்டுக்குத்தான் மூடும். ஆக, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வருவது ஒன்றுதான் எங்களுக்கு வெளியுலகம்.

மற்ற ஆறு நாளும் பிள்ளைகள் முற்றத்துக் கம்பி மேல் குப்புறப் படுத்துக் கீழே கடையைப் பார்க்கிறார்கள். நான் ஜன்னலில் நின்று கன்டெய்னர் லாரிகளைப் பார்க்கிறேன். எழுவதற்கு ஒரு நேரம், சாப்பிட ஒரு நேரம் என்று எதுவும் கிடையாது. பதினொரு மணிக்கு இட்லி, நான்கு மணிக்குக் குளியல். ஆறு மணிக்கு ஒருத்தி தூங்கினால் பத்து மணி வரை மற்றவன் ஆடுகிறான். நாற்பது பிள்ளைகளை ஒரே கைதட்டலில் உட்கார வைத்தவள் நான். இப்போது இரண்டு பேரிடம் தினமும் தோற்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். தண்டையார்பேட்டைப் பள்ளியிலிருந்து தலைமையாசிரியை உமைமா மேடம் போன் செய்தார்கள். ஜூனிலிருந்து எல்.கே.ஜி.க்கு என்னைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்களாம். ரெஜிக்கும் அங்கேயே இடம். ஏப்ரல் முப்பதுக்குள் முடிவு சொன்னால் போதும். போனை வைத்த பிறகு அடுப்பங்கரையில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன், சந்தோஷத்தில்தான்.

உன் அத்தான் முடியாது என்று சொல்லவில்லை. "ஈஸ்டருக்குள்ள பிள்ளைகள ஒரு ஒழுங்குக்குக் கொண்டா, ரோசு. யாரு பாத்தாலும் தானா ஓடணும். அப்புறம் பேசிக்கிடலாம்" என்றார். பாத்திரம் தேய்க்க வரும் மங்கம்மாவும் அதையேதான் சொல்கிறாள். "கொயந்த ஒரு டைமுக்குத் துன்னு ஒரு டைமுக்குத் தூங்கினா ஒரு மணி வரிக்கும் நான் பாத்துக்கறேன்மா. இப்ப கீற மாதிரி இருந்தா என்னால ஆவாது."

உங்கள் மடத்தில் முப்பது பேர் ஒரே மணிச்சத்தத்துக்கு எழுந்து ஒரே மணிச்சத்தத்துக்குப் படுக்கிறீர்கள் என்று எழுதியிருந்தாயே. அந்த டைம்டேபிளை எனக்கு அப்படியே எழுதி அனுப்பு. என் வேலை அதில்தான் இருக்கிறது.

முத்தங்களுடன்,
உன் ரோசக்கா


திண்டுக்கல்
26 ஜனவரி 2025

அன்பு ரோசக்காவுக்கு,

இயேசுவின் சமாதானம் உங்கள் நால்வரோடும் இருப்பதாக. அத்தானுக்கு என் வணக்கம். ரெஜிக்கும் ஷிஜிக்கும் ஆளுக்குப் பத்து முத்தம். உன் கடிதத்தைப் படித்து மதர் சிரித்தார்களாம். "உங்க அக்காவை இங்க சேத்திருக்கலாம்" என்றார்கள்.

எங்கள் நாளைக் கேட்டாய். நாலே முக்காலுக்கு முதல் மணி. இந்த மாதம் மணி அடிப்பவள் நான்தான், அதனால் நாலரைக்கே எழுந்துவிடுவேன். வாளித் தண்ணீர் பனியாக இருக்கும். பிறகு தியானம், பூசை, காலை உணவு, வீட்டு வேலை. ஒன்பதிலிருந்து படிப்பு. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆத்தும சோதனை, அதாவது காலையிலிருந்து நாம் செய்த நல்லது கெட்டதை நாமே யோசித்துப் பார்ப்பது. சாப்பாடு, ஓய்வு, மூன்று மணிக்குத் தோட்டம், ஐந்துக்குப் பாட்டு, இரவு செபம் முடிந்ததும் பெரிய மௌனம். அதன்பின் காலை வரை யாரும் யாரோடும் பேசக் கூடாது.

முக்கியமானது மணிதான் அக்கா. மணி அடித்தால் எழுதிக்கொண்டிருக்கும் சொல்லைக்கூட முடிக்கக் கூடாது. பேனாவை அப்படியே வைத்துவிட்டு எழ வேண்டும். முதல் மாதம் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இப்போது அது எனக்கு ஒரு ஓய்வு. அடுத்து என்ன செய்வது என்று நான் யோசிக்க வேண்டாம் பார்.

இன்னொன்று. எங்கள் அட்டவணையில் வேலைக்கு நேராக ஆள் பெயர் இருக்கும், வாரா வாரம் மாறும். பெரிய மதர் பெயரும் உண்டு. போன வாரம் அவர்களுக்கு மாட்டுத்தொழுவம். அறுபத்தெட்டு வயதில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாணி அள்ளினார்கள். நீயும் பெயர் போட்டு எழுது. சின்னப் பிள்ளைகளுக்குத் தன் பெயரைப் பார்க்கப் பிடிக்கும்.

மே 31, மாதா எலிசபெத்தம்மாளைச் சந்தித்த திருநாள் அன்று எங்கள் எட்டுப் பேருக்கும் துறவற உடுப்பு தருகிறார்கள். என் உடுப்பின் கைப்பகுதியை நானே தைக்கிறேன். நீ பார்த்தால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கச் சொல்வாய்.

உனக்காகத் தினமும் வேண்டும்,
ஜூடி


ராயபுரம்
12 பிப்ரவரி 2025, புதன்கிழமை

அன்பு ஜூடிக்கு,

நம் வீட்டு மாடியில் ஒரு மடம் ஆரம்பித்துவிட்டோம். பெரிய மதர் நான். பயிற்சியில் இருப்பவர்கள் இரண்டு பேர், அதில் ஒருத்திக்கு இன்னும் ஜட்டி நனைகிறது.

மணிக்கு எங்கே போவது என்று யோசித்து, கடையிலிருந்து படகில் மாட்டும் பித்தளை மணி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். அடிப்பது ரெஜி. அந்தப் பதவி வந்ததிலிருந்து அவன் நடையே மாறிவிட்டது. ஏழு மணிக்கு எழும் மணி. ஏழே காலுக்குப் பல். எட்டுக்கு இட்லி. ஒன்பதிலிருந்து பத்து வரை படிப்பு, அதாவது அரிசியும் பருப்பும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்வது. பத்தரைக்குத் தண்ணீர் விளையாட்டு, இரண்டு குவளை, ஒரு பேசின். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆத்தும சோதனை. இதை விடுவேனா நான். இருவரும் சுவரோரம் கை கட்டி உட்கார வேண்டும். முதல் நாள் ரெஜி, "ஷிஜி என்னக் கடிச்சா" என்றான். உன் பாவத்தைச் சொல்லடா, அவள் பாவத்தை அவள் சொல்வாள் என்றேன். ரொம்ப நேரம் யோசித்து, "நான் அவ வாய்ல கைய வச்சேன்" என்றான்.

கீழே கேட்காமல் இருக்குமா? பகலவன் அண்ணன் படியடியில் நின்று, "இன்னாக்கா, மேல சர்ச்சு கட்டிக்கினு கீறீங்களா? மணி அட்ச்சா நானும் டீ குடிக்கப் பூடறேன், மொதலாளி மொறைக்கறாரு" என்றார். உன் அத்தானும் முதலில் முறைத்தார். ஆனால் இரண்டாம் வாரம் ஒரு நாள் மத்தியானம் சாப்பிட மேலே வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். ஒன்றரை மணி. பிள்ளைகள் இரண்டும் பாயில் தூங்குகின்றன. தரையில் ஒரு பருக்கை இல்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

நீ சொன்னபடி பெயரும் போட்டேன். மணிக்கு ரெஜி. கரண்டி எடுத்து வைக்க ஷிஜி. மாலை ஆறு முதல் ஆறரை வரை கதை சொல்ல பெனிட்டோ. தன் பெயரைப் பார்த்து உன் அத்தான் சிரித்தார். கடை ஆட்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஆனாலும் இரண்டு நாள் மேலே வந்து, தூத்துக்குடியில் தான் சுறாவைப் பார்த்த கதையைச் சொன்னார். மூன்றாம் நாள் ஆறு மணிக்கு ஒரு லோடு வந்துவிட்டது. அப்புறம் வரவில்லை. போகட்டும்.

மங்கம்மாவை ஒரு நாள் காலை முழுவதும் உட்கார வைத்துப் பார்த்தேன். "இப்ப சரிம்மா. இது கொயந்த இல்ல, கடியாரம்" என்றாள். ஜூன் மாதத்துக்கு அவள் தயார். என் பழைய காட்டன் சேலைகளை எடுத்துக் கஞ்சி போட்டு வைத்திருக்கிறேன்.

மடத்துப் பெரிய மதர்,
ரோஸ்மேரி


திண்டுக்கல்
1 மார்ச் 2025

அன்பு ரோசக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பொழுதுபோக்கு நேரத்தில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டச் சொன்னார்கள். ரெஜியின் ஆத்தும சோதனையைக் கேட்டு, பெரிய மதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். உனக்கு வேலை கிடைத்துவிடும் அக்கா. எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது. நாற்பது நாளும் நாங்கள் கடிதம் எழுதக் கூடாது, வாங்கவும் கூடாது. வருவதை மதர் பிரிக்காமல் ஒரு பெட்டியில் போட்டு வைத்து, ஈஸ்டர் அன்று மொத்தமாகத் தருவார்கள். நீ எழுதுவதை நிறுத்தாதே. நான் ஒரே நாளில் எல்லாவற்றையும் படிப்பேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். நான் அந்த ஜூன் மாதம் உன்னை விட்டு

மணி அடித்துவிட்டது.
ஜூடி


ராயபுரம்
14 மார்ச் 2025, வெள்ளிக்கிழமை

ஜூடிக்கு,

நீ ஏப்ரலில்தான் படிப்பாய் என்று தெரியும். அந்த மதரும் பிரிக்க மாட்டார்கள் என்பதால் கொஞ்சம் தைரியமாக எழுதுகிறேன். பிள்ளைகள் தூங்குகிறார்கள். எனக்கு இரண்டரை வரை நேரம் இருக்கிறது.

நேற்று உன் அத்தான் மேலே வரும்போது ஒரு பெரிய அட்டையைச் சுருட்டி மறைத்துக் கொண்டுவந்தார். பிரித்துக் காட்டினார். நம் டைம்டேபிள். தம்பு செட்டித் தெருவில் கொடுத்து, கலரில் அடித்து, லேமினேட் செய்திருக்கிறார். ஒரு மூலையில் ரெஜி, இன்னொரு மூலையில் ஷிஜி போட்டோ. ஆணியும் சுத்தியலும் கையோடு எடுத்து வந்து, சுவரில் அவரே அடித்தார். பெருமையாக இருந்தது அவர் முகம். கல்யாணத்துக்குப் பிறகு நான் செய்த ஒன்றை அவர் ஆணி அடித்து மாட்டியது இதுதான் முதல் தடவை. எனக்கும் சந்தோஷமாக இருந்தது, மறைக்கவில்லை.

அந்த நல்ல நேரத்தில் கேட்டுவிடலாம் என்று, உமைமா மேடத்துக்கு இப்போதே சரி சொல்லிவிடவா என்றேன்.

"என்னத்துக்கு?" என்றார். "பாரு ரோசு, இப்பத்தான் இது வீடு மாதிரி இருக்கு. பிள்ளைக சாப்புடுது, தூங்குது, சளி இல்ல, சண்டை இல்ல. நீ இருக்கதுனாலதானே இது ஓடுது. இதை விட்டுட்டு ஊரான் பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிடப் போவணுமாக்கும்?"

தானாக ஓடினால் போகலாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன். தானாக எங்கே ஓடுகிறது, நீதானே ஓட்டுகிறாய் என்கிறார். மங்கம்மா இருக்கிறாளே என்றேன். "வேத்தாளு கையில நம்ம பிள்ளைய விட்டுட்டா? உன் தங்கச்சி இருந்தப்ப நான் ஒரு வார்த்தை சொன்னேனா? கூடப்பொறந்தவ இருந்தா அது வேற" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. போகும்போது கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

நான் வெளியே போவதற்காக வீட்டை ஒழுங்கு செய்தேன். ஒழுங்காக இருப்பதால் வெளியே போக வேண்டாம் என்கிறார்கள். குப்பையாகவே கிடக்க விட்டிருந்தால் எப்போதாவது, இவளால் ஆகாது, போய்த் தொலையட்டும் என்றாவது விட்டிருப்பார்.

அச்சடித்ததில் ஒன்று கவனித்தேன். ஆறு மணிக்கு நேரே பெனிட்டோ என்று நான் எழுதியிருந்தது வரவில்லை. அங்கேயும் அம்மா என்றுதான் இருக்கிறது. லேமினேட் செய்துவிட்டதால் என் பேனாவால் மாற்றி எழுதவும் முடியாது.

உன்,
ரோசக்கா


ராயபுரம்
24 மார்ச் 2025, திங்கட்கிழமை

ஜூடி,

சுகம் விசாரிக்கப் போவதில்லை. நீ சுகமாகத்தான் இருப்பாய்.

பத்து நாளாக ஒரே வார்த்தை காதில் கேட்டுக்கொண்டிருக்கிறது. உன் தங்கச்சி இருந்தப்ப, உன் தங்கச்சி இருந்தப்ப. ஆமாம், நீ இருந்தபோது நான் காலை எட்டு மணிக்குச் சேலை கட்டி, சந்துப்படியில் இறங்கி, பஸ் பிடித்துப் போய்க்கொண்டிருந்தேன். என் ரெஜியை நீ இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலில் நின்று கை ஆட்டுவாய். ஷிஜி பிறந்து ஆறு மாதம் விடுப்பு எடுத்தேன். ஜூன் ஐந்தாம் தேதி நான் திரும்பச் சேர வேண்டும். மே கடைசியில் நீ வந்து, "அக்கா, எனக்கு தேவ அழைத்தல் வந்திருக்கு" என்றாய். நான் என்ன சொல்ல முடியும்? தேவனோடு போட்டி போடவா? அழுது, ஆசீர்வாதம் செய்து, எழும்பூரில் ரயில் ஏற்றிவிட்டு வந்தேன். மறுநாள் உமைமா மேடத்துக்குப் போன் செய்து வரவில்லை என்றேன். அதை உன்னிடம் நான் சொல்லவே இல்லை. நீயும் கேட்கவில்லை.

நீ மணி அடித்தால் பேனாவை வைத்துவிட்டு எழுகிறாய். அடுத்து என்ன என்று யோசிக்க வேண்டாம், அதுவே ஓய்வு என்று எழுதினாய். நானும் இங்கே காலை ஏழு மணியிலிருந்து இரவு ஏழரை மணி வரை மணிக்கு எழுந்து மணிக்கு உட்காருகிறேன். எனக்கு அது ஓய்வாக இல்லை. நீ அந்த மடத்தின் கதவைத் தட்டி உள்ளே போனவள். உனக்குப் பிடிக்காவிட்டால் மே மாதத்துக்குள் வெளியே வரலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். எனக்கு அப்படி ஒரு தேதி யாராவது வைத்திருக்கிறார்களா?

நேற்று மத்தியானம் ஷிஜி தூங்க மாட்டேன் என்றாள். மணி அடித்தும் படுக்கவில்லை. அடித்துவிட்டேன். முதுகில் ஐந்து விரலும் பதிந்தது. அவள் அழவில்லை ஜூடி, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே போய்ப் படுத்துக்கொண்டாள். இரண்டு வயதுப் பிள்ளை.

நீ வந்துவிடு. உடுப்பு வாங்க வேண்டாம். தேவனுக்குச் சேவை செய்ய முப்பது பேர் அங்கே இருக்கிறார்கள், எனக்கு நீ ஒருத்திதான். நீ எனக்குக் கொடுக்க வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. ஏப்ரல் முப்பதுக்குள் வா.

ரோஸ்மேரி


ராயபுரம்
5 ஏப்ரல் 2025, சனிக்கிழமை

அன்பு ஜூடிக்கு,

போன கடிதத்தைக் கிழித்துப் போடு. இதை முதலில் படித்தால் அதைப் பிரிக்கவே பிரிக்காதே. முந்தின நாள் ஷிஜியை அடித்த கையால் எழுதியது அது. மறுநாள் காலை கடைக் கடிதங்களோடு பகலவன் அண்ணன் தபாலில் போட்டுவிட்டார். பின்னாலேயே ஆள் அனுப்பிப் பெட்டியிலிருந்து எடுக்க முடியுமா என்றுகூடக் கேட்டேன். "பெட்டில பூட்டா அது கவர்மென்ட்டுதுக்கா" என்றார்.

ஷிஜி நன்றாக இருக்கிறாள். முதுகில் ஒன்றும் இல்லை. நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "போ" என்றாள், பிறகு கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

உன் அழைத்தல் பொய் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. நீ நன்றாக இரு.

உன் அக்கா,
ரோசு


திண்டுக்கல்
21 ஏப்ரல் 2025, ஈஸ்டர் திங்கள்

அன்பு அக்கா,

உயிர்ப்புத் திருநாள் வாழ்த்துகள். அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்.

ஒரு தப்பு செய்துவிட்டேன். நேற்று மத்தியானம் மதர் உன் கடிதங்கள் மூன்றையும் நூலில் கட்டிக் கொடுத்தார்கள். தோட்டத்துக்கு எடுத்துப் போனேன். தேதி பார்த்துப் பிரிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. எது கனமாக இருந்ததோ அதை முதலில் பிரித்தேன். மார்ச் 24.

படித்து முடித்ததும் எழுந்து நேரே மதர் அறைக்குப் போனேன். என்னால் உடுப்பு வாங்க முடியாது, வீட்டுக்குப் போக வேண்டும் என்றேன். மதர் நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்கார் என்றார்கள். அரை மணி நேரம் அழுதேன். திரும்பி வந்தபோது மற்ற இரண்டும் மாமரத்தடியில் கிடந்தன. அப்புறம்தான் உன் ஏப்ரல் கடிதத்தைப் பிரித்தேன்.

சொன்னது சொன்னதுதான். மே ஐந்தாம் தேதி வரை யோசித்து முடிவு சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்.

அன்று பாதியில் விட்ட வாக்கியம் இதுதான் அக்கா. நான் அந்த ஜூன் மாதம் உன்னை விட்டு வந்தபோது நீ வேலையை விட வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். கிளம்பும் முன்பே பங்குச் சாமியார் சொன்னார். தெரிந்தும் கேட்கவில்லை. கேட்டால் வர முடியாதே என்று பயந்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் தொடங்கினேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கு இங்கே பிடித்திருக்கிறது. சனிக்கிழமை இரவு பாஸ்கு பூசையில் 'உன்னதங்களிலே' கீதம் பாடும்போது எல்லா மணியையும் அடிப்பார்கள் இல்லையா, இந்த வருடம் பெரிய மணி எனக்குக் கொடுத்தார்கள். கயிறு என்னைத் தரையிலிருந்து தூக்கியது. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கண்டதில்லை. அதே நேரத்தில் உன் கடிதம் பெட்டிக்குள் இருந்திருக்கிறது.

உனக்குக் கொடுக்க வேண்டியது பாக்கி என்றாய். அது சரி. நீ எழுது. வா என்றால் ஏப்ரல் முப்பதுக்குள் வர முடியாவிட்டாலும், மே முதல் வாரம் வந்துவிடுவேன். ரெஜியும் ஷிஜியும் என்னிடம் பழகிக்கொள்வார்கள். வேண்டாம் என்றால் இங்கேயே இருக்கிறேன். என்னால் முடிவு செய்ய முடியவில்லை. நீ சொல்வதைச் செய்கிறேன்.

ஜூடி


ராயபுரம்
29 ஏப்ரல் 2025, செவ்வாய்க்கிழமை

என் ஜூடிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. ஐந்து நாள் தாமதமாகப் பதில் எழுதுகிறேன். அந்த ஐந்து நாளில் நான் என்ன செய்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். கேட்டுவிட்டு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

படித்தவுடன் நான் உனக்காக வருத்தப்படவில்லை. சந்தோஷப்பட்டேன். பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு உமைமா மேடத்துக்குப் போன் செய்து, ஜூனில் வருகிறேன், என் தங்கச்சி வந்துவிடுகிறாள் என்றேன். நீ வருவதாக எழுதவே இல்லை, கேட்டுத்தான் எழுதியிருந்தாய். ஆனாலும் வருகிறாள் என்றே சொன்னேன். பீரோவைத் திறந்து காட்டன் சேலைகளை எடுத்து, ஒவ்வொன்றாகத் தோளில் போட்டுப் பார்த்தேன்.

உன் அத்தானிடமும் சொன்னேன். அவருக்கும் சந்தோஷம். மீன்பிடித் தடைக்காலம் நடக்கிறது, படகெல்லாம் கரையில், வலை கட்டவும் கயிறு மாற்றவும் எல்லோரும் வருகிறார்கள், கடையில் மூச்சு விட நேரமில்லை. அந்த வேலைக்கு நடுவிலும் மேலே வந்தார். "ஜூடி வந்தா நல்லதுதான். நீ தாராளமா பள்ளிக்கூடம் போ. நான் என்ன, உன்ன வேணும்னா பிடிச்சு வச்சிருக்கேன்?" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து, கயிற்றுச் சுருளில் நம்பர் போடும் மார்க்கரை எடுத்து, சுவரிலிருந்த அட்டையில் அம்மா என்று இருந்த இடத்திலெல்லாம் குறுக்கே கோடு போட்டுச் சித்தி, சித்தி என்று எழுதிக்கொண்டே போனார். விசில் அடித்துக்கொண்டு எழுதினார்.

அவர் கீழே போன பிறகு எண்ணிப் பார்த்தேன். பதினாறு இடத்தில். ஏழு மணிக்குச் சித்தி. ஏழே காலுக்குச் சித்தி. மத்தியானம் சித்தி, மாலை ஆறு மணிக்குக் கதையும் சித்தி. நான் திரும்பி வந்த பிறகு ஐந்து மணிக்காவது அம்மா என்று இருக்கக் கூடாதா? அதுவும் இல்லை. நீ இங்கே வந்தால் உனக்குப் போகவும் வழியில்லை, வரவும் வழியில்லை, கீழே கடை. உனக்கு ஒரு கல்யாணம் பேசும் வரை, அல்லது பேசாமலேயே, முற்றத்துக் கம்பி வழியாக நீயும் கயிறு எடை போடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாய். நானே உன்னை அங்கே உட்கார வைத்துவிட்டு, படியிறங்கி பஸ் பிடிப்பேன். என்னால் அது முடியும் ஜூடி. நன்றாகவே முடியும். அதைத் தெரிந்துகொண்டபோதுதான் பயந்துவிட்டேன்.

நேற்றுக் காலை உமைமா மேடத்துக்கு மறுபடி போன் செய்தேன். வரவில்லை என்றேன். "எத்தனை தடவைம்மா ரோஸ்மேரி" என்று மட்டும் கேட்டார்கள். அடுத்த வருடம் ஷிஜிக்கும் பள்ளியில் சேரும் வயது வந்துவிடும், அப்போது இடம் இருந்தால் பார்ப்போம் என்றார்கள். இருக்கும் என்று சொல்லவில்லை.

உன் அத்தானிடம் ஜூடி வரவில்லை என்றேன். ஏன் என்றார். அவளுக்கு அங்கே வேலை இருக்கிறது என்றேன். "அப்ப உன் வேலை?" என்றார். எனக்கும் இருந்தது, நீங்கள் அதைச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டீர்கள் என்றேன். நான் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. சாப்பிடாமல் கீழே போனார். அப்புறம் வந்து பெயின்ட் தின்னரில் துணியை நனைத்துச் சித்தியை அழிக்கப் பார்த்தார். மேலே ஒட்டிய பிளாஸ்டிக் கரைந்து அம்மாவும் சேர்ந்து அழிந்தது. துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பாவமாகத்தான் இருந்தது.

இன்று பத்தரை மணிக்குத் தண்ணீர் விளையாட்டு நேரத்தில் இருவருக்கும் செருப்பு மாட்டி மரப்படியில் இறங்கினேன். கடை நிறைய ஆட்கள். உன் அத்தான் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார். பகலவன் அண்ணன்தான் கயிற்றுச் சுருள்களைக் காலால் ஒதுக்கி, "வழி வுடுங்கப்பா, வூட்டம்மா வருது" என்றார். கல்மண்டபம் வரை நடந்தோம். ஷிஜி ஒவ்வொரு லாரிக்கும் நின்றாள். ஆளுக்கு ஒரு கொய்யாக்காய் வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டோம். இவ்வளவுதான். இதை வீரம் என்று நினைத்து எனக்காக நன்றி செபம் எதுவும் செய்துவிடாதே. மத்தியானம் மறுபடி மேலே, கதவைச் சாத்திக்கொண்டு, இதோ இருக்கிறேன்.

உன் மன்னிப்பு எனக்குக் கிடைத்தது. தெரிந்தே போனாய் என்று படித்தபோது கோபம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் இன்னும் இருக்கிறது. அது என்னோடு இருக்கட்டும். நீ அதற்காக ஒன்றும் செய்ய வேண்டாம். எனக்கு நீ கொடுக்க வேண்டியது எதுவும் பாக்கி இல்லை.

மதரிடம் போய் உடுப்பு வாங்குகிறேன் என்று சொல். மே 31 அன்று பிள்ளைகளோடு வருவேன், உன் அத்தான் வந்தாலும் வராவிட்டாலும்.

ஆனால் நான் அவ்வளவு நல்லவள் இல்லை ஜூடி. உனக்கே தெரியும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும், மழை வரும், இரண்டுக்கும் ஒன்றாகக் காய்ச்சல் வரும், அன்றைக்கு நான் பேனாவை எடுத்து, நீ வந்தால்தான் நான் பிழைப்பேன் என்று எழுதுவேன். இதைவிட நன்றாக, உனக்கு அழுகை வரும்படி எழுதுவேன். அந்தக் கடிதம் வரும்போது இதை எடுத்துப் படி.

வராதே. நான் கூப்பிட்டாலும் வராதே.

உன் அக்கா,
ரோஸ்மேரி